ஊமையான உணரி

சென்ற ஆவணி மாதத்திலே ஒரு மாலைப் பொழுது. மறுநாள் வகுப்புக்கு வேண்டிய வினாத்தாள்களைப் பிரதி எடுத்து வருவதற்காகக் காரை எடுத்தேன். எங்கள் வளவிலிருந்து ஒழுங்கைக்குச் செல்வதானால் பின்னோக்கியே செல்லுதல் வேண்டும். படலையைத் திறந்து வைத்துவிட்டு, இரு புறக் கண்ணாடிகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, வழக்கம் போல வண்டியைப் பின்னே விட்டேன். படலையைத் தாண்டிய வேளையில் "கிரீச்" என்றொரு சத்தம் எழுந்தது. தகரம் நெரிவது போலிருந்தது. இறங்கிச் சென்று பார்த்தேன். அயல் வீட்டுக் குழந்தையின் முச்சில்லுச் சைக்கிள் காரின் பின்சில்லில் அகப்பட்டு மடிந்து கிடந்தது.

குழந்தை சைக்கிளில் இருக்கவில்லை. தண்ணீர் குடிப்பதற்காகச் சற்று முன்னர்த்தான் அதனை ஒழுங்கையிலே விட்டுவிட்டு வீட்டினுள் ஓடியிருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த தாயார் முதலிலே சைக்கிளைப் பார்த்தார். பின்னர்த் திரும்பிச் சென்று குழந்தையைத் தூக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு வந்தார். "பரவாயில்லை மாஸ்டர், சாமான்தானே" என்றார். ஆனால் அவருடைய குரல் நடுங்கிற்று. "இந்தக் காரிலே சென்சர் பழுது பிள்ளை, அதுதான் சொல்லாமல் விட்டுட்டுது" என்றேன் நான். அது பொய்யன்று, எனினும் முழு உண்மையுமன்று. முழு உண்மையையும் எழுதுவதற்கே இக்கிழமை இப்பகுதியை எடுத்துக்கொள்கின்றேன்.

சென்சர் என்று நாம் வழங்கும் உணரிகள் இன்று பெரும்பாலான கார்களின் பின்பம்பரிலே இருக்கின்றன. ஓர் ஐந்து ரூபாக் குற்றியின் அளவில் வட்டமான நான்கு புள்ளிகளை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பின்னாலே சுவரோ மரமோ நெருங்கும்போது இவை அறிய, உள்ளேயிருக்கும் கூவி விட்டு விட்டுக் கூவும்; நெருங்க நெருங்க விரைவாகக் கூவும்; மிக அண்மித்துவிட்டால் ஓயாது கூவும்.

என் காரின் பின்புறத்திலே பத்து மாதங்களுக்கு முன்னர் ஒரு கீறல் விழுந்தது. ஒரு கராச்சிலே கொடுத்துப் பம்பருக்குப் பூச்சு அடிப்பித்தேன். வண்டி திரும்பி வந்த நாள் தொடக்கம், பின் கியரிலே போட்டவுடன் இரண்டு மூன்று செக்கன் நேரத்துக்கு இடைவிடாத ஒரு கூவல் கேட்கலாயிற்று. உணரிகளுள் ஒன்று பதில் சொல்லவில்லை என்பதை வண்டி அறிவிக்கும் முறை அதுவே. மீண்டும் கொண்டு சென்றபோது, "ஒரு சென்சர் செத்துப் போச்சு சேர், புதுசுதான் போட வேணும்" என்றார்கள். கழற்றிப் பார்த்துச் சொன்னார்களோ, பாராமலே சொன்னார்களோ அறியேன். கேட்ட தொகை என் மாதச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கை அண்மித்தது. 2020ஆம் ஆண்டு பங்குனியிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாரின் கார்களுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளிலே பழைய வண்டியைக் கட்டிக் காப்பதன்றி நம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. உதிரிப் பாகங்களின் விலையும் ஏறியது. ஆதலால், "அப்படியென்றால் இந்தச் சத்தத்தையாவது நிற்பாட்டி விடுங்கோ" என்றேன். டிக்கியின் பக்கத் தட்டுக்குப் பின்னாலே கையை விட்டு ஒருவர் கூவியின் செருகியை இழுத்துவிட்டார். ஐந்து நிமிட வேலை, காசும் வாங்கவில்லை. அன்று முதல் வண்டி மௌனமாயிற்று. நானும் நிம்மதியடைந்தேன்.

ஒன்று பழுதாயிருக்க, நல்ல நிலையிலிருந்த மூன்றையும் சேர்த்து நானே வாய்கட்டி வைத்தேன் என்பதே அயல் வீட்டுத் தாயாருக்கு நான் சொல்லாது விட்ட பாதி.

அன்றிரவு நித்திரை வரவில்லை. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. குழந்தை மருத்துவர் ஒருவர் தம் வீட்டு வாயிலிலே வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, பின்னாலே வந்து நின்ற தம்முடைய இரண்டு வயது மகன் மீதே ஏற்றிவிட்டார். குழந்தை இறந்தது. அவர் கவனமற்றவர் அல்லர். வண்டியின் பின்னாலே, கண்ணாடிகளுக்கும் கண்ணுக்கும் எட்டாத ஒரு மறைவிடம் எந்த வண்டிக்கும் உண்டு; வண்டி உயர உயர அம்மறைவிடமும் நீளும். ஒரு சிறு குழந்தையின் உயரம் அதற்குள் முற்றாக அடங்கிவிடும். அத்தந்தையும் அவரைப் போலப் பிள்ளையை இழந்த வேறு பெற்றோரும் பல காலம் முயன்றதன் பயனாக, அக்குழந்தையின் பெயரையே தாங்கிய சட்டமொன்று 2008இல் அமெரிக்காவிலே நிறைவேறியது. அச்சட்டத்தின் வழியாகவே 2018 மே மாதம் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் யாவற்றுக்கும் பின்புறக் கமரா கட்டாயமாயிற்று. சட்டம் ஒப்பமாகியும் பத்து ஆண்டுகள் சென்றன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். எதிரொலி என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையிலே ஒரு வௌவாலை வரைவேன். 1790களிலே ஸ்பலன்சானி என்ற இத்தாலிய அறிஞர், கண்ணை இழந்த வௌவாலும் எதிலும் முட்டாது பறப்பதையும், காதை அடைத்தால் அது தடுமாறுவதையும் கண்டார். காரணம் விளங்குவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1938இல் ஹாவாட் பல்கலைக்கழகத்து மாணவரான டொனால்ட் கிரிபின் என்பவர், பேராசிரியர் பியேர்ஸ் அமைத்திருந்த கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டு சென்றார். நம் செவிக்கு எட்டாத ஒலியை அவை எழுப்புவது அப்போது புலனாயிற்று. அவ்வகையொலியைத்தான் கழியொலி என்கின்றோம்.

காரின் உணரியும் இதனையே செய்கின்றது. ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தின் உட்புறத்திலே ஒரு மட்பாண்ட வகைத் தட்டு ஒட்டப்பட்டிருக்கும். அழுத்தினால் மின் தோன்றும், மின் கொடுத்தால் அதிரும் இயல்புடையது அது. பளிங்குகளிலே அழுத்தம் மின்னை உண்டாக்குவதை 1880இல் முதன்முதற் கண்டவர்கள் பிரான்சின் கியூரி சகோதரர்கள். முதலாவது உலகப் போர்க் காலத்திலே லாஞ்சவன் என்பார் அதே இயல்பைக் கொண்டு கடலுக்கடியிலே நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினார். யப்பானின் ரொயோட்டா நிறுவனத்தார் 1982இலே கொறோனா காரின் பின்புறத்திலே இவ்வுணரியை வைத்தனர். நம் நாட்டின் முப்பது பாகை வெப்பத்திலே ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். ஒரு மீற்றர் தூரத்திலுள்ள சுவருக்குப் போய்த் திரும்ப 2 மீற்றர். அதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஆறு பங்கும் வேண்டியதில்லை. அந்நேரத்தை அளந்துதான் கூவி கூவுகின்றது. வகுப்பிலே எத்தனையோ முறை இக்கணக்கைச் செய்வித்திருக்கின்றேன். என் சொந்தக் காரிலே அக்கணக்கு பத்து மாதமாய் நின்றுபோயிருந்தது.

மறு சனிக்கிழமை என் தமக்கையாரின் மகன் வந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். கையைச் சும்மா வைத்திருக்க மாட்டான். நடந்ததைக் கேட்டவன், "மாமா, எது செத்தது எண்டு முதல்லை பாப்பம்" என்றான். அதற்கு அவன் கையாண்ட முறையை நேயர்களும் செய்து பார்க்கலாம். தட்டையான நிலம், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல், கைப்பிறேக். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, காலால் பிறேக்கை மிதித்துக்கொண்டு, பின் கியரிலே போடுதல் வேண்டும். ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் பின்னாலே சென்று ஒவ்வோர் உணரியின் மீதும் விரல் நுனியை மெதுவாக வைக்க வேண்டும். உயிருள்ள உணரி, கைக்கடிகாரத்தின் துடிப்பைப் போல "டிக் டிக்" என்று விரலிலே தெரியும். காதை அண்மையில் வைத்தால் கேட்கவும் செய்யும். உணரியின் ஒலி பெரும்பாலும் 40 கிலோ ஏட்சு மீடிறனுக்கு மேற்பட்டது. நம் செவியின் எல்லை 20 கிலோ ஏட்சு. பின் எவ்வாறு கேட்கின்றது என்று மருமகனை வினாவினேன். ஒலி சிறு சிறு துண்டங்களாக விட்டு விட்டு எழுவதனால், ஒவ்வொரு துண்டத்தின் தொடக்கமும் முடிவும் தட்டுவது போலக் கேட்கின்றன என்று அவன் சரியாகவே சொன்னான். பெறுபேறு நன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் பின் கியர் விழுவதற்கு வண்டி ஓடத் தயாரான நிலையில் இருக்க வேண்டும். சத்தமின்றியே அது நகர்ந்துவிடும். ஆதலால் அவ்வகை வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்று இச்சோதனையைச் செய்யலாகாது. செம்மஞ்சள் நிற உறையிட்ட மின்கம்பிகளையும் தொடலாகாது. உயிரை எடுக்கும் வோல்ற்றளவு அவற்றிலே உண்டு. என் கார் வெறும் பெற்றோல் கார்.

இடப்புறமிருந்து எண்ணினால் மூன்றாவது உணரி துடிக்கவில்லை.

இனிக் கழற்றும் படலம். எங்கள் தகப்பனார் காலத்து வண்டிகளாயின் இது ஒரு வேலையேயன்று. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலியவற்றின் பம்பர் குரோமியப் பூச்சுப் பூசிய உருக்குச் சட்டம். சில போல்ற்றுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். யாழ்ப்பாணத்திலே அவ்வண்டிகள் நெடுங்காலம் உயிரோடிருந்தமைக்கு அதுவுமொரு காரணம். 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதிருந்தபோது, சிறிதளவு பெற்றோலைக் கொண்டு உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டியதை இன்றைய மாணவர்க்குச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். கராச்சிலே கேளாமல் வளவிலே தாமே கழற்றிப் பூட்டிய தலைமுறை அது. 1972இல் பிரான்சிலே ரெனோல்ற்-5 என்ற கார் பிளாஸ்ரிக் பம்பருடன் வெளிவந்தது. பின்னர் மற்றவர்களும் அவ்வழியே சென்றனர். இன்று நாம் பம்பர் என்று தொட்டுப் பார்ப்பது ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் போர்வை. உண்மையில் இடியைத் தாங்குவது அதனுள்ளே மறைந்திருக்கும் உலோகச் சட்டமும் அதன் முன்னே வைத்த நுரைக் கட்டியுமே. போர்வையைப் பிடித்து நிற்பவை ஏராளமான கிளிப்புகளும் சில திருகாணிகளும் மட்டுந்தான்.

என் காரிலே உணரிகள் நான்கும் பம்பரின் கீழ்ப்புறத்தில் ஓடும் கறுப்புப் பட்டியிலே பொருத்தப்பட்டுள்ளன. பம்பர் முழுவதையும் ஏன் கழற்ற வேண்டும், பட்டியை மட்டும் நெம்பினாற் போதாதா என்பது என் யோசனை. மருமகன் தயங்கினான். "மாமா, கொஞ்சம் பொறுங்கோ, உள்ளுக்கை எப்பிடிப் பூட்டியிருக்கெண்டு தெரியேல்லை" என்றான். நான் பொறுக்கவில்லை. தட்டையான திருகாணிச் செலுத்தியைப் பட்டியின் விளிம்பிலே செருகி நெம்பினேன். "டக்" என்றது. பட்டி அசையவில்லை, உள்ளேயிருந்து அதனைப் பிடித்திருந்த நாக்குகளுள் ஒன்று முறிந்து, கிணுகிணுவென்று பம்பருக்குள்ளே விழுந்தது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே மரியாதையான பிள்ளை.

அப்பட்டியின் நாக்குகள் உட்புறத்திலே மடிந்து கொழுவியிருப்பவை. வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் வாரா. பின்னர் முறையாகத் தொடங்கினோம். முதலிலே பற்றறியின் மறை முனையைக் கழற்றினோம். ஒரு காட்போட் மட்டையிலே பம்பரின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஆணியோ அந்த இடத்திலே துளையிட்டு ஆணியைக் குத்தி வைத்தோம். இஃது என் யோசனை. முன் செய்த பிழைக்கு ஈடாக இதனையாவது குறிப்பிட வேண்டும். பின்விளக்குகள் இரண்டையும் பிடித்திருந்த போல்ற்றுகளை 10ஆம் இலக்க ஸ்பனரால் எடுத்தோம்; விளக்குக்குப் பின்னாலேதான் பம்பரின் மேல் ஆணிகள் ஒளிந்திருக்கின்றன. சில்லுக்கு மேலுள்ள வளைவிலே பக்கத்துக்கு ஒவ்வொரு திருகாணி. கீழ்ப்புறத்திலே வரிசையாகக் கிளிப்புகள்.

கிளிப்புகளிலே இரு வகையுண்டு. ஒன்றின் நடுத்தண்டை உள்ளே அழுத்தினால் தளரும்; மற்றதன் நடுத்தண்டை வெளியே இழுத்தால் தளரும். எது எவ்வகை என்று பாராமல் குறட்டாலே பிடுங்குவோர் கையிலே பாதிக் கிளிப்புத்தான் வரும். ஆணிகள் யாவும் கழன்றபின், சில்லு வளைவின் பக்கத்திலுள்ள மூலையைப் பிடித்து வெளிப்புறமாக இழுத்தல் வேண்டும், பின்புறமாக அன்று. "பட பட" என்று கொக்கிகள் விடுபடும். நெஞ்சிலே சற்று இடிக்கும். ஆனால் அது சரியான ஓசைதான். இரு மூலைகளும் விட்டபின், இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நேரே பின்னால் எடுக்கலாம். வெயிலிலே சிறிது நேரம் நின்ற வண்டியானால் பிளாஸ்ரிக் இளகி வளைந்து கொடுக்கும். ஒரு சாண் வெளியே வந்ததும் நிறுத்துதல் வேண்டும். உள்ளேயிருந்து வரும் வயர்க் கற்றையின் செருகியைக் கழற்றாமல் இழுத்தால் நல்ல உணரிகளும் போய்விடும். பழைய பாயொன்றை விரித்து, பூச்சு மேலே கீறுபடாதவாறு பம்பரைக் கிடத்தினோம்.

முன்பம்பரை இவ்வாறு வீட்டிலே கழற்ற முற்படலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். காற்றுப் பையை விரிக்கும் மோதல் உணரிகள் முன்புறத்திலே இருக்கும். புதிய வண்டிகளாயின் ராடர்க் கருவியும் இருக்கலாம். அவற்றைத் தொட்டபின் அளவு பார்த்துத் திருத்துவதற்குரிய கருவிகள் நம்மிடம் இல்லை.

பம்பரின் உட்புறம் வேறோர் உலகம். புழுதி, காய்ந்த சேறு, ஒரு புலுனிக் கூட்டின் மிச்சம் போன்ற சருகு. மூன்றாவது உணரியின் செருகி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனைப் பூட்டி வைக்கும் சிறு நாக்கு முறிந்திருந்தது. யாரோ கறுப்பு ரேப்பினால் சுற்றியிருந்தார்கள். வெயிலில் ரேப்பின் பசை உருகி வழுவிவிட்டது. செருகியின் உள்ளே மூன்று சிறு உலோக முனைகள். மூன்றும் பச்சைக் களிம்பேறியிருந்தன. கடற்காற்றும் மழைச் சேறும் செம்பைத் தின்னும் விதம் அது. நிலைக்கண்ணாடி போன்ற பூச்சை அடித்துக் கொடுத்தவர்கள் அதன் பின்னாலே செய்து வைத்த வேலை இது என்று எனக்குக் கோபம் வந்தது. பின்னர் கூவியின் நினைவு வந்தது. கோபம் அடங்கிற்று.

களிம்பை மருந்துக் கடை அற்ககோலிலே தோய்த்த பழைய பற்றூரிகையால் துலக்கினோம். மணற்தாள் கொண்டு தேய்க்கலாகாது. முனைகளின் மேலுள்ள மெல்லிய பூச்சுப் போய்விட்டால் அடுத்த மாரியிலே இன்னும் விரைவாகக் களிம்பேறும். செருகியை உணரியிலே பூட்டி, கூவியின் செருகியையும் டிக்கிக்குள்ளே மீண்டும் பூட்டி, பம்பரைப் பாயிலே கிடந்தபடியே காரோடு இணைத்து, பற்றறியையும் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். அதே நெடுங்கூவல். மூன்றாவது இன்னும் துடிக்கவில்லை.

கராச்சுக்காரர் சொன்னது மெய்தானோ, உணரி செத்தேவிட்டதோ என்று நான் சோர்ந்துவிட்டேன். மருமகன் சோரவில்லை. "ரெண்டாவதைக் கழட்டி மூண்டாவதின்ரை இடத்திலை போடுவம் மாமா" என்றான். எவ்வளவு எளிதான யோசனை! செத்தது உணரியானால், இடம் மாறினாலும் அது துடிக்காது. செத்தது வயரானால், நல்ல உணரியும் அந்த இடத்திலே ஊமையாகும். மாற்றிப் பார்த்தோம். பத்து மாதமாகச் செத்ததென்று சொல்லப்பட்ட உணரி இரண்டாம் இடத்திலே நன்றாகத் துடித்தது. நல்ல உணரி மூன்றாம் இடத்திலே ஊமையாயிற்று. புதிய உணரியை வாங்கியிருந்தால் காசும் போய்க் கூவலும் போகாதிருந்திருக்கும்.

மீண்டும் பற்றறியைக் கழற்றிவிட்டு, பல்மானியால் வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மூன்று வயர்கள்: ஒன்று மின்னைக் கொடுப்பது, ஒன்று மின் திரும்புவது, ஒன்று செய்தியைக் கொண்டு செல்வது. முதலிரண்டிலும் தடை ஏறத்தாழப் பூச்சியம். மூன்றாவது முற்றாக அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் காயம் எதுவும் தெரியவில்லை. செருகியிலிருந்து நாலு விரற்கடை தூரத்திலே, வயர் மடிந்திருந்த இடத்தை விரலாலே வளைத்துப் பார்த்தபோது, அந்த ஓரிடம் மட்டும் எலும்பில்லாதது போல மெத்தென்று மடிந்தது. உறை முழுதாக இருக்க, உள்ளேயிருந்த செம்பு மட்டும் அறுந்திருந்தது. முன்னர்ப் பம்பரைக் கழற்றியவர் செருகியை விடுவியாமல் வயரைப் பிடித்து இழுத்திருத்தல் வேண்டும். இவ்விடத்திலே வீட்டிற் செய்வோர்க்கு ஒரு சொல்: இவ்வயர்களைச் சோதிப்பதற்கு மின்குமிழ் பொருத்திய சோதனைக் கோலைப் பயன்படுத்தலாகாது. குமிழ் இழுக்கும் மின்னோட்டம் உணரிகளை ஆளும் சிறு பெட்டியைப் பழுதாக்கலாம்.

அறுந்த இடத்தை வெட்டி, இரு முனைகளின் உறையையும் சீவினோம். பழுதான பகுதியை நீக்கினால் நீளம் போதாது. பழைய வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த அதே பருமனான துண்டொன்றை இடையே வைத்து முறுக்கி, பற்றாசு பிடித்தோம். பற்றாசு பிடிப்பதற்கு முன்னரே சூட்டிலே சுருங்கும் குழாயை வயரிலே கோத்து வைத்துவிட வேண்டும். நான் அதனை மறந்து ஒரு முறை பிடித்த பற்றாசை மீண்டும் உருக்க நேர்ந்தது. உட்புறத்திலே பசை பூசிய குழாயே இவ்விடத்துக்கு ஏற்றது, பின்சில்லு மழைநீரை நேரே இங்கேதான் எறிகின்றது. பற்றாசு பிடித்த இடம் விறைப்பாகிவிடும். ஓடும் வண்டியின் அதிர்விலே அவ்விறைப்பின் விளிம்பிலேதான் வயர் மீண்டும் அறும். ஆகவே அப்பகுதியை நைலோன் பட்டியால் பம்பரின் உட்சட்டத்தோடு அசையாதவாறு கட்டினோம். முறிந்த நாக்குக்குப் பதிலாக இன்னொரு நைலோன் பட்டி செருகியை உணரியோடு அணைத்துப் பிடித்தது.

நான் முறித்த பட்டி நாக்கு ஒன்றும் இருந்ததல்லவா? சாதாரணப் பசை இவ்வகைப் பிளாஸ்ரிக்கிலே பிடிப்பதில்லை, காய்ந்தவுடன் உரிந்துவிடும். பற்றாசுக் கோலின் நுனியாலே இரு பக்கத்தையும் உருக்கி ஒட்டவைத்தேன். அழகாக இல்லை. உட்புறந்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் புகையை மூச்சிலே எடாதபடி காற்றோட்டமான இடத்திற் செய்தல் வேண்டும்.

உணரிகளைத் திரும்பப் பொருத்தும்போது மருமகன் ஒன்றைக் கவனித்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் மேற்பக்கத்தைக் காட்டும் ஓர் அடையாளம் உண்டு. உணரியின் ஒலி பக்கவாட்டிலே அகன்றும் மேல் கீழாகக் குறுகியும் பரவுமாறு அமைக்கப்பட்டது. திருப்பிப் பொருத்திவிட்டால் அது நிலத்தையே தடையென்று எண்ணி ஓயாது கூவும். உணரியின் முகத்திலே தடித்த பூச்சு அடித்தாலும் அதன் செவி மந்தமாகிவிடும். பூச்சு வேலைக்குக் கொடுப்போர் இதனைச் சொல்லிக் கொடுத்தல் நன்று.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை மாலை நாலரைக்கு முடிந்தது. செலவு, பற்றாசும் குழாயும் முறிந்த கிளிப்புகளுக்குப் பதில் வாங்கியவையும் சேர்த்து 1,500 ரூபாவுக்கு உட்பட்டது. சாவியைத் திருப்பிப் பின் கியரிலே போட்டேன். ஒரு சிறு "கீ", பின் மௌனம். இது வேறு மௌனம். மருமகன் ஒரு காட்போட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்து வர, கூவி விட்டு விட்டுக் கூவத் தொடங்கிற்று. என் மனையாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, அந்தச் சத்தம் திரும்ப வந்திட்டுதோ?" என்றார்.

பின்னர் மடிந்த முச்சில்லுச் சைக்கிளையே கொண்டு வந்து சோதித்தோம். ஒரு மீற்றர் தூரத்திலே நிறுத்தியபோது கூவிற்று. பம்பருக்கு மிக அண்மையிலே படுக்க வைத்தபோது கூவவில்லை. அது ஒலியின் பாதைக்குக் கீழே கிடந்தது. கதியாலொன்றை நட்டுப் பார்த்தோம்; சில வேளை கூவிற்று, சில வேளை கூவவில்லை. மருமகன் தடித்த பருத்திப் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தபோது, வெறுமனே வந்ததைவிட நன்றாக நெருங்கிய பின்னரே கூவிற்று; மென்மையான துணி ஒலியை விழுங்கிவிடுகிறது. மெல்லிய கம்பி, கயிறு, பஞ்சு, தாழ்ந்த பொருள் ஆகியவற்றை உணரி அறியாது போகலாம் என்று வண்டிகளின் கைந்நூல்களிலேயே எழுதியிருக்கின்றது. அப்பக்கத்தை நான் அன்றுதான் வாசித்தேன். இப்போது காரிலே ஏறுமுன் ஒரு முறை பின்னாலே சுற்றி வருகின்றேன். அயலவர்கள் முதலிலே ஏதோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணினார்கள்.

சைக்கிளின் மடிந்த சட்டத்தை ஒரு பட்டறையிலே நிமிர்த்தி, பின்சில்லு ஒன்றைப் புதிதாகப் போட்டு, ஞாயிறு மாலையிலே அயல் வீட்டுக்குக் கொண்டு சென்றேன். குழந்தையின் தகப்பனார் வானோட்டிப் பிழைப்பவர். கதிரை எடுத்துப் போட்டார். தேநீர் வருவதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டுமென்று, "தம்பி, அண்டைக்குச் சென்சர் பழுது எண்டு சொன்னன். ஒண்டுதான் பழுது. மற்ற மூண்டையும் சத்தம் போடாமல் கழட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சைக்கிளின் சில்லை விரலாலே ஒரு முறை சுழற்றிவிட்டு, வாயிலிலே நின்ற தம் வானைப் பார்த்தார்.

"என்ரை வானிலையும் அந்தச் சத்தத்தை நான் நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறன் மாஸ்டர்" என்றார். "மருமோன் இன்னும் நிக்கிறாரோ?"